காலால் பேசிய கிட்டார்

எழுபதுகளின் மேற்கத்திய இசை என்றதும் ஒரு சத்தம் காதுக்குள் வந்து நிற்கும். கிட்டார்தான், ஆனால் தந்தி அதிர்வது மாதிரி இருக்காது. யாரோ வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே முணுமுணுப்பதுபோல 'வக்கா வக்கா' என்று தாளத்தோடு ஒட்டிப் போகும். துப்பறியும் படத்தின் நாயகன் நகரத்துத் தெருவில் இறங்கி நடக்கும்போது பின்னால் அதுதான் ஒலிக்கும். ராக் கச்சேரியில் அதே சத்தம் நீண்டு அழுகையாகும். டிஸ்கோவில் சிணுங்கும். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த நம் சினிமாப் பாடல்களின் இடையிசையிலும் அதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் கிட்டார்க்காரரின் கைவேலை மட்டுமில்லை, காலுக்கும் பங்கு உண்டு. தரையில் ஒரு சின்ன உலோகப் பெட்டி, அதன் மேல் தையல் மெஷினின் மிதிபலகைபோல முன்னும் பின்னும் அசையும் ஒரு தகடு. வாவா பெடல் என்பார்கள்.

பெல்பாட்டத்தோடு சேர்ந்து பிறந்த பொருள் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். பெட்டி பிறந்தது 1966இல். ஆனால் அது எழுப்பும் சத்தத்துக்கு அதைவிட நாற்பது ஆண்டுக்கு மேல் வயது அதிகம். தொப்பி, சாராயக் கோப்பை, குழாய் அடைப்பு நீக்கும் ரப்பர், செலவைக் குறைக்கப் பார்த்த ஆம்ப்ளிஃபையர் கம்பெனி, இத்தாலியில் அக்கார்டியன் செய்த ஊர்கள் என்று பல கைகள் மாறித்தான் அது கிட்டாரிடம் வந்து சேர்ந்தது.

பெட்டிக்குள் நடப்பதை உங்கள் வாயிலேயே செய்து பார்க்கலாம். ஒரே சுருதியில் 'ஊ' என்று ஆரம்பித்து, மெல்ல வாயைத் திறந்து 'ஆ'வுக்கு வாருங்கள். தொண்டை எழுப்பும் ஸ்வரம் மாறவில்லை. வாயின் அறை மட்டும் வடிவம் மாறுகிறது. அந்த அறை, ஸ்வரத்துக்குள் இருக்கும் பல அலைகளில் சிலவற்றைத் தூக்கிவிடுகிறது, மற்றவற்றை அடக்கிவிடுகிறது. எந்தப் பகுதி தூக்கப்படுகிறது என்பதை வைத்துத்தான் நம் காது ஓர் உயிரெழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிகிறது. வாவா பெடலுக்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருளும் சில மின்பாகங்களும் இதையே மின்சாரத்தில் செய்கின்றன. பாதத்தின் முன்பகுதியை அழுத்தினால் தூக்கப்படும் பகுதி மேலே ஏறும், குதிகாலை அழுத்தினால் கீழே இறங்கும். சுமார் 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை நடக்கும் இந்த ஏற்ற இறக்கம், மனிதக் குரலின் உயிரெழுத்துகள் புழங்கும் இடத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கிட்டார் பேசுவதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

இந்த வித்தையை வாத்தியத்தில் புகழ்பெறச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜோ ஆலிவர். நியூ ஆர்லியன்ஸில் பேர் வாங்கிய கறுப்பின இசைஞர், கார்னெட் என்ற குட்டை ட்ரம்பெட்டை வாசித்தவர். முதல் உலகப்போர் முடியும் காலத்தில், தெற்கிலிருந்து வேலையும் கொஞ்சம் மரியாதையும் தேடி வடக்கே ரயிலேறிய லட்சக்கணக்கான கறுப்பினத்தவரோடு அவரும் சிகாகோ போய்ச் சேர்ந்தார். தொப்பி, கோப்பை, பாட்டில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கார்னெட்டின் வாயருகே பிடித்து மூடித் திறந்து வாசிப்பார். கருவி அழும், சிரிக்கும், குழந்தைபோல மழலை பேசும். 1923 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஜென்னட் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருடைய குழு சில பாடல்களைப் பதிவு செய்தது. அதில் ஒன்று 'டிப்பர்மவுத் புளூஸ்'. குழுவின் இரண்டாவது கார்னெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர். அந்தப் பாட்டில் ஆலிவர் வாசித்த தனி ஆவர்த்தனத்தை ஸ்வரம் பிசகாமல் பாடம்செய்து ஒப்பிப்பது, அடுத்து வந்த ட்ரம்பெட்காரர்களுக்குப் பல ஆண்டுகள் ஒரு சடங்காகவே இருந்தது.

பின்பற்றியவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள். சிகாகோவில் நடன அரங்குகள் நடத்திய பேடி ஹார்மன், ட்ரம்பெட்டின் வாயில் செருகும் ஓர் உலோக அடைப்பானுக்கு 1920களில் காப்புரிமை வாங்கினார். 'ஹார்மன் மியூட்' என்ற பெயரில் இன்றும் அது இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கிறது. கலைஞர்கள் தொப்பியாலும் கோப்பையாலும் செய்துவந்த வேலைக்கு ஒரு கம்பெனிப் பொருள் வந்தது, அதில் ஒட்டிக்கொண்டது நடன அரங்கு முதலாளியின் பெயர். இந்த வரலாற்றில் இப்படி நடப்பது இதுவே கடைசி இல்லை.

நல்ல விதமாகப் பின்பற்றியவர் பபர் மைலி. நியூயார்க்கில் வளர்ந்தவர். சுற்றுப்பயணத்தில் சிகாகோ போனபோது ஆலிவரின் வாசிப்பைக் கேட்டு மயங்கிப்போனார். திரும்பி வந்து சேர்ந்த குழு விரைவில் டியூக் எலிங்டனின் கைக்கு வந்தது. மைலி ஒரு அடைப்பானை ட்ரம்பெட்டுக்குள் செருகிக்கொண்டு, வெளியே குழாய் அடைப்பு நீக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கைப்பிடி இல்லாமல் தனியாகப் பிடித்து அசைப்பார். தொண்டையிலிருந்து ஓர் உறுமலையும் சேர்த்துக்கொள்வார். பக்கத்திலிருந்த டிராம்போன்காரர் டிரிக்கி சாம் நான்டனும் அதே ரப்பரைக் கையிலெடுத்தார். 1927இல் எலிங்டன் குழு ஹார்லமின் காட்டன் கிளப்பில் அமர்ந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர் மட்டும். அங்கிருந்து வானொலி வழியாக அந்த உறுமலும் சிணுங்கலும் அமெரிக்கா முழுக்கப் போயின. மைலி 1932இல் காசநோயில் இறந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை.

வானொலி பரப்பியதைக் காசாக்கியவர் கிளைட் மெக்காய் என்ற வெள்ளை ட்ரம்பெட்காரர். கென்டக்கிக்காரர். 1931இல் அவர் பதிவு செய்த 'சுகர் புளூஸ்' முழுக்க முழுக்க இந்த வாவா வித்தையைக் காட்டும் பாட்டு, இசைத்தட்டு அமோகமாக விற்றது. மெக்காய் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அதே ஆண்டுகளில் ஆலிவருக்கு நேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஈறு நோயால் வாசிக்க முடியாமல், பொருளாதார மந்தத்தில் குழு சிதறி, ஜார்ஜியாவின் சவானா நகரத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியைப் பெருக்கிக்கொண்டிருந்த அவர் 1938இல் வறுமையிலேயே இறந்தார். மெக்காயின் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள், அது இன்னொரு முறை வரும்.

கிட்டார்க்காரர்களுக்கும் இந்தச் சத்தத்தின் மேல் ஆசை உண்டு. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டாரில் மின்சாரம் ஏறியதும், தொனியை மாற்றும் குமிழைச் சுண்டுவிரலால் திருகிக்கொண்டே தந்தியை மீட்டினார்கள். கிட்டார் 'தூ-வா' என்றது. ஆனால் வாசிக்க ஐந்து விரலும் வேண்டுமே! எனவே வேலை காலுக்குப் போனது. நாஷ்வில்லின் செட் அட்கின்ஸ் 1959இல் 'பூ பூ ஸ்டிக் பீட்' என்ற பாட்டில் காலால் இயக்கும் தொனிப் பெடலை வைத்து அந்தச் சத்தத்தை எடுத்திருக்கிறார். நாட்டுப்புற இசைக்காரர் வட்டாரத்துக்கு வெளியே யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இப்போது கலிஃபோர்னியாவுக்கு வருவோம். பீட்டில்ஸ் வாசித்த ஆம்ப்ளிஃபையர்கள் இங்கிலாந்தின் வாக்ஸ் கம்பெனியுடையவை. அமெரிக்காவில் அவற்றை விற்கும் உரிமை தாமஸ் ஆர்கன் என்ற கம்பெனியிடம் இருந்தது. வீட்டுக் கூடங்களில் வைக்கும் ஆர்கன் தயாரித்தவர்கள், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து செபுல்வேடாவில் இருந்தவர்கள். பீட்டில்ஸ் மோகத்தில் ஆம்ப்ளிஃபையர்கள் விற்றுத்தள்ள, அவற்றை இங்கேயே டிரான்சிஸ்டரில் மலிவாகச் செய்யலாமே என்று இறங்கினார்கள். அந்த ஆம்ப்ளிஃபையரில் நடுத்தர அலைகளைத் தூக்கிக் காட்ட மூன்று நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருந்தது. விலை கூடின பாகம். அதற்குப் பதிலாக ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைப்பது போன்ற ஒரு சாதாரணத் திருகு குமிழை வைக்க முடியுமா என்று பார்க்கும்படி 1966இல் பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது.

பிளங்கெட் சுற்றை அமைத்துக் குமிழைத் திருப்பினார். சுவிட்ச் இருந்தவரை நிலைக்கு நிலை தாவிய சத்தம், இப்போது நழுவிக்கொண்டு போனது. அந்த நழுவல்தான் வா-வா. குமிழைக் கையால் திருப்பிக்கொண்டே வாசிக்க முடியாது என்பதால், வாக்ஸ் ஆர்கனின் ஒலியளவைக் காலால் மாற்றும் பெடல் ஒன்றை எடுத்து, அதன் வயிற்றுக்குள் இந்தச் சுற்றைத் திணித்தார்கள். அடக்கவிலையைக் குறைக்கத் தொடங்கிய வேலை இப்படி ஒரு புதுப் பொருளில் முடிந்தது. 1967 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1970 செப்டம்பரில் அது கிடைத்தது.

பொருள் கையில் இருக்கிறது, யாரிடம் விற்பது? டெல் கேஷர் என்ற கிட்டார்க்காரர் தன் கிட்டாரை அதில் இணைத்துப் பார்த்துவிட்டு, இது கிட்டாருக்கானது என்று அடித்துச் சொன்னார். விளம்பர இசைத்தட்டும் வாசித்துக் கொடுத்தார். ஆனால் கம்பெனித் தலைவர் ஜோ பெனரான் பழைய பெரிய ஜாஸ் குழுக்களின் ரசிகர். வா-வா என்றதும் அவர் நினைவுக்கு வந்தது ட்ரம்பெட்டும் 'சுகர் புளூஸு'ம்தான். அந்தச் சமயம் வாக்ஸ் பெயரில் ட்ரம்பெட், சாக்ஸபோன், கிளாரினெட்டையெல்லாம் மின்சாரத்தில் இணைத்து வாசிக்க வைக்கும் திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, பெடல் ஊதுகருவிக்காரர்களுக்கென்று சந்தைக்கு வந்தது. ஆரம்பகாலப் பெட்டிகளின் அடித்தகட்டில் சிரித்துக்கொண்டிருந்த படம் கிளைட் மெக்காயுடையது. அறுபது வயதைத் தாண்டிவிட்ட அந்த மனிதருக்கு இந்தச் சுற்றை வடிவமைத்ததில் எந்தப் பங்கும் கிடையாது. ஆலிவரிடமிருந்து மைலிக்கும் அங்கிருந்து வானொலிக்கும் போன ஒரு வித்தை, நாற்பது வருடம் கழித்துப் பெட்டிக்குள் அடைபட்டபோது மேலே ஏறிய பெயர், இடையில் வந்து அதை விற்றவருடையது. இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆலிவரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

செய்த இடமும் ஒரு தனிக்கதை. வாக்ஸ் பெடல்களில் பெரும்பங்கு இத்தாலியின் அட்ரியாடிக் கடலோரப் பட்டறைகளில் தயாரானது. ஏன் அங்கே? அந்தக் கரையில் காஸ்டெல்ஃபிடார்டோ என்ற ஊர் இருக்கிறது. 1860களிலிருந்து அது அக்கார்டியன் செய்யும் ஊர், உலகம் முழுக்க ஏற்றுமதி செய்த ஊர். 1950களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் வந்து இளைஞர்கள் கிட்டார் பக்கம் சாய்ந்ததும் அக்கார்டியன் சந்தை படுத்துவிட்டது. நுணுக்கமான கைவேலை தெரிந்த அந்த வட்டாரத்துக்காரர்கள் சும்மா உட்காரவில்லை. எந்த வாத்தியம் தங்கள் பிழைப்பைக் கெடுத்ததோ அதையே செய்ய ஆரம்பித்தார்கள். பக்கத்து ரெகானாட்டியில் 1959இல் தொடங்கிய எகோ கம்பெனி வாக்ஸுக்கே கிட்டார் செய்து கொடுத்தது. கடற்கரையோடு தெற்கே போனால் வரும் பெஸ்காராவில் ஜென் எலெக்ட்ரோனிக்கா என்ற கம்பெனி வாவா பெடல்களை ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளியது. அமெரிக்காவுக்கென்று வைத்த 'க்ரை பேபி' என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யத் தாமஸ் ஆர்கன் தவறிவிட்டது. அதனால் ஒரே பட்டறையின் சரக்கு பல நாட்டுக் கடைகளில் பலப்பல பெயர்களில் தொங்கியது.

1967 மே மாதம் லண்டன் குழுவான க்ரீம், ஒலிப்பதிவுக்கு நியூயார்க் வந்திருந்தது. எரிக் க்ளாப்டன் 48ஆம் தெருவில் இருந்த மேனிஸ் கடையில் இந்தப் பெடலை வாங்கி, 'டேல்ஸ் ஆஃப் பிரேவ் யுலிசிஸ்' பாட்டில் பயன்படுத்தினார். ட்ரம்பெட்காரர்களுக்கென்று வந்த சரக்கு ராக் இசைக்குள் கால்வைத்தது அங்கேதான். இரண்டு மாதத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் 'பர்னிங் ஆஃப் த மிட்நைட் லாம்ப்' பாட்டில் அதைக் கையாண்டார்.

ஆனால் உண்மையான திருப்பம் 1968 மே 3ஆம் தேதி. ஒரு தொலைக்காட்சிப் படக்குழு கேமராவோடு கூடத்துக்குள் நிற்க, ஹென்ட்ரிக்ஸ் 'வூடு சைல்ட் (ஸ்லைட் ரிட்டர்ன்)' வாசித்தார். அந்தப் பாட்டின் முதல் சில நொடிகளைக் கேளுங்கள். ஸ்வரமே கிடையாது. வலது கையால் தந்திகளை அமுக்கி ஊமையாக்கிவிட்டு, இடது கையால் வெறுமனே சுரண்டுகிறார். கால் பெடலை ஏற்றி இறக்குகிறது. கிட்டார் அங்கே தாளவாத்தியமாகிவிட்டது. அவர் அடுத்துப் பாட்டுக்குள் பாய்ந்துவிடுகிறார். ஆனால் அந்தச் சுரண்டலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கறுப்பின நடன இசை ஒரு பத்தாண்டையே கட்டிவிட்டது என்பது என் எண்ணம். ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில் இறந்து சில வாரங்களில் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது.

ராக்கிலிருந்து கறுப்பினத்தவரின் சோல் இசைக்குப் பாலம் போட்டது டெட்ராய்ட். மோட்டவுன் கம்பெனியின் பாடல்கள் அதுவரை தேய்த்து மடித்த சட்டை மாதிரி சுத்தமாக இருக்கும். தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டுக்கு அது அலுத்துவிட்டது. டெனிஸ் காஃபி என்ற வெள்ளைக் கிட்டார்க்காரர் ஒரு பயிற்சி அமர்வுக்கு வாவா பெடலோடு வந்ததும் விட்ஃபீல்டு பிடித்துக்கொண்டார். 1968 இறுதியில் டெம்டேஷன்ஸ் பாடிய 'க்ளவுட் நைன்' வெளிவந்தது. மோட்டவுனுக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்த பாட்டு அது. நான்கு ஆண்டு கழித்து அதே விட்ஃபீல்டு, அதே குழுவோடு, ஏறத்தாழ 12 நிமிடம் நீளும் 'பாப்பா வாஸ் எ ரோலின் ஸ்டோன்' செய்தார். பாடகர்கள் வாய் திறக்கவே நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை ஒரு பேஸ் கிட்டாரும் கைத்தட்டலும் ட்ரம்பெட்டும் மெல்வின் ராகினின் பெடலும்தான் கதை சொல்கின்றன. ராகினுக்கு ஊரார் வைத்த பெயரே 'வாவா வாட்சன்'.

இடையில் 1971. மெம்ஃபிஸ் நகரத்தின் ஐசக் ஹேய்ஸ், கார்டன் பார்க்ஸ் இயக்கிய 'ஷாஃப்ட்' படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். நாயகன் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து நடக்கும் ஆரம்பக் காட்சி. கிட்டார்க்காரர் சார்ல்ஸ் 'ஸ்கிப்' பிட்ஸ் தன் பெடல்கள் சரியாக வேலைசெய்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது வந்த சத்தத்தைக் கேட்டு, அதையே விடாமல் வாசிக்கச் சொன்னாராம் ஹேய்ஸ். டிரம்மர் வில்லி ஹால் ஹை-ஹாட்டில் பொடித் தட்டுகளாகத் தட்ட, அதன் மேல் 'வக்கா வக்கா' சவாரி செய்தது. 1971 நவம்பரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். அடுத்த ஏப்ரலில் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹேய்ஸ். அதற்குப் பிறகு உலகில் எந்த மூலையில் துரத்தல் காட்சி எடுத்தாலும் இசையமைப்பாளர் கிட்டார்க்காரரைப் பார்த்துப் பெடலை எடுக்கச் சொன்ன காலம் ஒன்று வந்தது. கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'சூப்பர்ஃப்ளை' மாதிரி அதே வழியில் வந்து தன் சொந்தக் காலில் நின்ற இசையும் உண்டு. ஹேய்ஸின் சத்தத்தை மட்டும் இரவல் வாங்கியவை எண்ணிக்கையில் அதைவிடப் பலமடங்கு.

பெடல் கிட்டாரோடு நிற்கவுமில்லை. 1969இல் த பேண்ட் குழுவின் கார்த் ஹட்சன், கிளாவினெட் என்ற மின் விசைப்பலகையை வாவா பெடலில் செருகி 'அப் ஆன் க்ரிப்பிள் க்ரீக்' பாட்டில் வாசித்தார். மோர்சிங் வாசிப்பதுபோலவே இருக்கும். அமெரிக்க மலைக்கிராமங்களில் பழகிவந்த மோர்சிங்கைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். நம் கர்நாடகக் கச்சேரிகளில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்காரும் அதே வாத்தியக் குடும்பம். மோர்சிங்கில் நாக்குத் தகடு எழுப்பும் சுருதி ஒன்றே ஒன்று. வாயின் அறையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும்தான் வித்வான் அத்தனை சொற்கட்டுகளையும் கொண்டுவருகிறார். பிளங்கெட்டின் பெட்டிக்குள் கம்பிச் சுருள் செய்யும் வேலையை மனித வாய் நூற்றாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மோர்சிங்கைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு 'ஷாஃப்ட்' அந்நியமாகத் தோன்றாது.

கிளாவினெட்டில் அடுத்த அடி ஸ்டீவி வொண்டருடையது. 1973இல் வந்த 'ஹையர் கிரவுண்ட்' பாட்டில் அவர் பயன்படுத்திய ம்யூ-ட்ரான் 3 என்ற கருவிக்குக் காலே தேவையில்லை. விசையைப் பலமாக அழுத்தினால் அது தானே வாயைத் திறக்கும், மெல்லத் தொட்டால் பாதியில் நிற்கும்.

இங்கே ட்ரம்பெட் திரும்பி வருகிறது, அதுவும் யார் கையில்! மைல்ஸ் டேவிஸ். ஹார்மன் மியூட்டைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டு ஐம்பதுகளில் மென்மையான பாட்டுகளை வாசித்த அதே மனிதர். 1968இல் அவர் மணந்த பெட்டி மேப்ரி என்ற பாடகி, ஹென்ட்ரிக்ஸ் இசையையும் ஸ்லை ஸ்டோன் இசையையும் அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1970இலிருந்து மைல்ஸ் தன் ட்ரம்பெட்டை மின்சாரத்தில் இணைத்து வாவா பெடலில் வாசிக்கத் தொடங்கினார். ட்ரம்பெட்காரர்கள் வாங்குவார்கள் என்று பெனரான் போட்ட கணக்கு, அவர் எண்ணிப் பார்த்திராத விதத்தில் பலித்தது. பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கோ 1975 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் ஒசாகாவில் பகலும் மாலையும் வாசித்து 'அகார்த்தா', 'பாஞ்சியா' என்று இரண்டு தொகுப்புகளாக வந்த அந்தக் கச்சேரிகள்தான் அவருடைய எழுபதுகளின் உச்சம். உறுமலும் விம்மலும் நடுவே திடீர் மௌனமுமாகப் போகும் அந்த ட்ரம்பெட்டில் எனக்குப் பபர் மைலியின் குரல் கேட்கிறது.

ஜப்பான் இந்தக் கதையில் வெறும் கச்சேரி மேடை இல்லை. ஷின்-எய் என்ற கம்பெனி வாவா பெடல்களைத் தானே செய்து, வெளிநாட்டு வியாபாரிகள் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி அனுப்பியது. வேறு சில ஜப்பானியப் பட்டறைகளும் தொடர்ந்தன. லண்டனில் மக்காரி குடும்பத்தாரின் கடை கலர்சவுண்ட் என்ற பெயரில் தன் சொந்த வாவாவை விற்றது. நகல் எடுத்தவர்கள் எல்லாருமே வெறும் நகலோடு நிற்கவில்லை. ஹென்ட்ரிக்ஸ் 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் வாவாவோடு சேர்த்து மிதித்த யூனி-வைப் என்ற சுழலொலிக் கருவி ஷின்-எய் செய்ததுதான்.

விலை இறங்கியதால் பெட்டி எங்கும் போனது. கிங்ஸ்டனில் வெய்லர்ஸ் குழு பதிவு செய்த 'கேட்ச் எ ஃபயர்' பாடல்களை லண்டனுக்கு எடுத்து வந்த ஐலண்ட் கம்பெனியின் கிறிஸ் பிளாக்வெல், ராக் ரசிகர்களும் கேட்க வேண்டும் என்று விரும்பினார். அலபாமாவிலிருந்து வந்திருந்த வெயின் பெர்கின்ஸ் என்ற இளம் கிட்டார்க்காரரை அழைத்து வாசிக்கச் சொன்னார். ரெகே அவருக்குப் பழக்கமே இல்லை. 'ஸ்டிர் இட் அப்' பாட்டில் இழைந்துவரும் வாவா அவருடையது. 1973இல் வந்த அந்த இசைத்தட்டு மூலம்தான் பாப் மார்லியின் பெயர் ஜமைக்காவுக்கு வெளியே பரவத் தொடங்கியது. குழுவிலிருந்த பீட்டர் டாஷும் வாவாவின் பெரும் பிரியர். பாடலின் தாளவெட்டையே பெடலில் போட்டு, ரெகேவுக்கென்று ஒரு தனிச் சுவையை உண்டாக்கினார்.

ஜாம்பியாவில் காரணம் வேறு. செம்புச் சுரங்கங்கள் பணம் கொழித்த காலத்தில், சுரங்க நகரங்களின் இளைஞர்கள் மின்கிட்டார் வாங்கிக் குழுக்கள் அமைத்தார்கள். வானொலியில் ஒலிக்கும் இசையில் மிகப் பெரும்பகுதி ஜாம்பிய இசையாக இருக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா உத்தரவிட்டதும் வாசிக்க இடமும் கிடைத்தது. விட்ச், அமனாஸ் போன்ற குழுக்கள் வாவாவையும் கரகரப்பான ஃபஸ் ஒலியையும் உள்ளூர்த் தாளங்களோடு கலந்தன. ஜாம்ராக் என்று அதற்குப் பெயர். எழுபதுகளின் நடுவில் செம்பு விலை சரிந்தது, அந்த இசையும் மெல்ல மெல்ல அடங்கியது.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் முலாட்டு அஸ்தாட்கே இருந்தார். பொறியியல் படிக்க பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டு, இசைக்குத் தாவி, பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரி வரை போனவர். எத்தியோப்பியாவின் ஐந்து ஸ்வர இசையையும் ஜாஸையும் இணைத்து அவர் 1972இல் நியூயார்க்கில் பதிவு செய்த 'முலாட்டு ஆஃப் எத்தியோப்பியா' தொகுப்பில் வாவா கிட்டார் தாராளமாக ஒலிக்கிறது. ஊரில் அம்ஹா எஷெட்டே என்ற துணிச்சல்காரர், இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த அமைப்புக்கே என்ற ஆணையை மீறி 1969இல் சொந்தக் கம்பெனி தொடங்கியிருந்தார். ஐந்தாறு ஆண்டுகள்தான். 1974இல் பேரரசர் ஹெய்லி செலாசி ராணுவத்தால் அகற்றப்பட்டார். ஊரடங்கு வந்ததும் இரவு விடுதிகள் இருண்டன, அம்ஹா நாட்டை விட்டுப் போனார்.

எண்பதுகளில் பெட்டிக்கே கெட்ட காலம். சின்தசைசரும் தாள இயந்திரமும் வந்தபின் 'வக்கா வக்கா' பழைய சட்டைபோலக் கேலிக்கு ஆளானது. தாமஸ் ஆர்கன் கைகழுவிய க்ரை பேபியை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜிம் டன்லப், கலிஃபோர்னியாவில் இருந்த தன் கம்பெனிக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கிப் போட்டார். கிட்டார் மீட்டும் வில்லைகள் செய்து பிழைத்தவர். யாரும் சீந்தாத பொருளை வாங்குகிறாரே என்று தோன்றியிருக்கும். பத்தாண்டுக்குள் மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட் தன் தனி ஆவர்த்தனங்களிலெல்லாம் அதை மிதிக்க, புது ரசிகர்கள் கடைக்கு வந்தார்கள். பெஸ்காரா காலத்து இத்தாலியக் கம்பிச் சுருள்களுக்கு அதன்பின் பெரும் கிராக்கி. ஒரு காலத்தில் கிடைத்த விலைக்கு வாங்கிச் செருகிய அந்தப் பாகத்தை, அதே இனிமை வரவேண்டும் என்று இன்று திரும்பவும் செய்து விற்கிறார்கள்.

எத்தியோப்பிய இசைத்தட்டுகளுக்கும் விமோசனம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சிஸ் ஃபல்செட்டோ தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து 'எத்தியோப்பிக்ஸ்' என்ற வரிசையில் அவற்றை மறுபதிப்பு செய்தார். 2005இல் ஜிம் ஜார்முஷின் 'புரோக்கன் ஃப்ளவர்ஸ்' படம் முலாட்டுவின் இசையை உலகத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது. 2010இல் இரண்டு பேர் சேர்ந்து, அவருடைய 'யெகெல்லே தெசெட்டா' பதிவை வெட்டி எடுத்து அதன் மேல் 'ஆஸ் வி என்டர்' என்ற ராப் பாட்டைக் கட்டினார்கள். ஒருவர் டாமியன் மார்லி, பாப் மார்லியின் கடைசி மகன். இன்னொருவர் நியூயார்க்கின் நாஸ். நாஸின் தந்தை ஓலு தாரா, நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நாட்செஸ் ஊரில் பிறந்த ஜாஸ் கலைஞர். ஜோ ஆலிவரைப் போலவே கார்னெட் வாசிப்பவர். அவரும் மகனும் சேர்ந்து 2004இலேயே ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள்.